பேரிங் முடிந்தது, ஒலி வரவில்லை: டெபியன் 12-இல் ஒரு புளூடூத் ஹெட்ஃபோன்

ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒரு பெண்மணியின் மடிக்கணினியும், அவர் புதிதாக வாங்கிய புளூடூத் ஹெட்ஃபோனும் இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை. கணினியில் லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியன் 12, எக்ஸ்எஃப்சிஇ மேசைச்சூழலுடன் இருந்தது. அவர் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால் விண்டோஸும் தனிப் பகிர்வில் வைக்கப்பட்டிருந்தது. வைஃபை, புளூடூத் இரண்டும் உள்ளேயே பொருத்தப்பட்ட இன்டெல் அட்டை ஒன்றின் வழியே இயங்கின. முதலில் டெபியன் 11 நிறுவப்பட்டு, பிறகு 12-க்கு மேம்படுத்தப்பட்ட கணினி அது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்க வேண்டும். சிக்கலின் பாதி அந்தப் பழைய கதையில்தான் இருந்தது.

முறையீடு இதுதான். புளூடூத் கருவிகளை நிர்வகிக்கும் புளூமேன் சாளரத்தில் ஹெட்ஃபோனின் பெயர் தெரிகிறது, பேரிங் எனப்படும் இணையாக்கமும் தடையின்றி முடிகிறது, ஆனால் இணைப்பை அழுத்தினால் சில நொடிகள் காத்திருந்துவிட்டுப் பிழைச்செய்தி வருகிறது. அதே ஹெட்ஃபோன் கைபேசியிலும் விண்டோஸிலும் பழுதின்றிப் பாடுகிறது. கணினியை முன்பு பராமரித்துக் கொடுத்தவர், "லினக்ஸ்ல புளூடூத் அப்படித்தான்" என்று சொல்லிக் கைகழுவிவிட்டார். இந்த வாக்கியத்தை நம்மில் பலரும் ஏதாவது ஒரு கடையில் கேட்டிருப்போம். பத்தாண்டுகளுக்கு முன்பு அதில் உண்மை இருந்தது. இன்று அது பெரும்பாலும் எந்த அடுக்கில் கோளாறு என்று பார்க்க மனமில்லாதவர்கள் சொல்லும் பதில்.

அடுக்கு என்ற சொல்லை இங்கே தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். லினக்ஸ் கணினியில் புளூடூத் ஒலி என்பது ஒரே மென்பொருளின் வேலை அன்று. அடியில் இயங்குதளத்தின் கருவான கெர்னலும், அட்டைக்குள் ஓடும் மென்பொருளான நிலைபொருளும் இருக்கின்றன. அதற்கு மேலே, கருவிகளைக் கண்டுபிடித்து, இணையாக்கி, சாவிகளைக் காத்துவைக்கும் புளூஸ் இருக்கிறது. அதற்கும் மேலே ஒலியைக் கையாளும் சேவையகம், அதாவது பல்ஸ்ஆடியோ அல்லது பைப்வயர். பைப்வயர் என்றால், எந்தக் கருவியை எந்த நிலையில் இயக்குவது என்று முடிவெடுக்கும் வயர்பிளம்பர் அதன் பக்கத்தில் அமர்ந்திருக்கும். இணையாக்கம் வெற்றி பெற்றது என்றால் கீழிருக்கும் இரண்டு அடுக்குகள் நலமாக இருக்கின்றன என்பது மட்டுமே அதன் பொருள். ஒலி வருமா வராதா என்பதைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலானோர், இந்த அம்மையார் உட்பட, இணைப்பு தோற்றவுடன் செய்வது கருவியை நீக்கிவிட்டு மறுபடியும் இணையாக்குவதுதான்; அதாவது, நலமாக இருக்கும் அடுக்கையே மீண்டும் மீண்டும் பழுதுபார்ப்பது.

கீழ் அடுக்குகள்

முறைப்படி அடியிலிருந்தே தொடங்கினோம், ஆனால் இங்கே அதிக நேரம் தேவைப்படவில்லை. ஆர்எஃப்கில் கட்டளை, புளூடூத் மென்பொருளாலும் பொத்தானாலும் தடுக்கப்படவில்லை என்று காட்டியது. கெர்னல் பதிவேட்டில் இன்டெல் அட்டைக்கான நிலைபொருள் ஏற்றப்பட்டதற்கான வரி இருந்தது. டெபியனில் இந்த இடம் ஒரு காலத்தில் பெரிய தலைவலியாக இருந்தது: நிலைபொருள் கோப்புகள் கட்டற்றவை அல்ல என்பதால் நிறுவல் வட்டில் அவை சேர்க்கப்படுவதில்லை, பயனர்தான் தேடிப் போட வேண்டும். 2022 அக்டோபரில் முடிந்த டெபியன் திட்டத்தின் வாக்கெடுப்புக்குப் பிறகு, 12-ஆம் பதிப்பிலிருந்து அவை அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டிலேயே வருகின்றன. உள் அட்டை இல்லாமல் யூஎஸ்பி டாங்கிள் வாங்குபவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: சிஎஸ்ஆர் சில்லு என்று சொல்லி விற்கப்படும் மலிவான டாங்கிள்களில் போலிகள் ஏராளம். அந்தப் போலிகளைச் சமாளிப்பதற்கென்றே லினக்ஸ் கெர்னலின் புளூடூத் நிரலில் தனி வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன என்றால், அவை எவ்வளவு பரவியிருக்கின்றன என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கோளாறு இருந்த இடம்

வரைகலைச் சாளரங்கள் காட்டும் பிழைச்செய்தி பெரும்பாலும் பயனற்றது என்பதால், முனையத்தைத் திறந்து புளூடூத்சிடிஎல் கருவியிலிருந்து இணைக்க முயன்றோம். அது சொன்ன பதிலின் கடைசிப் பகுதி "ப்ரொஃபைல் அனவெய்லபிள்" என்பது; அதாவது, அந்தப் பயன்பாட்டுக்கான புளூடூத் வழிமுறை இல்லை. இன்னொரு சாளரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜர்னல்சிடிஎல் பதிவேட்டில், புளூடூத் சேவையின் வரி அதே நொடியில் விழுந்தது: ஏ2டிபி சிங்க் ப்ரொஃபைலை இணைக்க முடியவில்லை, ப்ரோட்டோகால் நாட் அவெய்லபிள். நோயின் பெயர் இந்த இரண்டு செய்திகளில் இருக்கிறது.

ஏ2டிபி என்பது புளூடூத்தில் ஸ்டீரியோ ஒலியைக் கொண்டுசெல்லும் ப்ரொஃபைல். ஹெட்ஃபோன் அதில் ஒலியைப் பெறும் முனை. கணினி அனுப்பும் முனை. கணினியின் அனுப்பும் முனையைப் புளூஸ் தானாக உருவாக்குவதில்லை. மேலே இருக்கும் ஒலிச் சேவையகம் வந்து, "அனுப்புவதற்கு நான் இருக்கிறேன், எனக்கு இன்னின்ன கோடெக் தெரியும்" என்று புளூஸிடம் பதிவுசெய்துகொள்ள வேண்டும். கோடெக் என்பது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை. யாரும் பதிவுசெய்யாவிட்டால், ஹெட்ஃபோன் கதவைத் தட்டும்போது புளூஸால் தர முடிந்த பதில் "அப்படி ஒரு வழிமுறையே இங்கே இல்லை" என்பதுதான். இதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. புளூடூத்சிடிஎல்-இல் ஷோ என்று தட்டினால், கணினி வழங்கும் சேவைகளின் பட்டியல் வரும். அதில் "ஆடியோ சோர்ஸ்" என்ற வரி இருக்க வேண்டும். இந்தக் கணினியில் தொலைவிலிருந்து பாட்டை நிறுத்தவும் ஓட்டவும் உதவும் ரிமோட் கன்ட்ரோல் வரிகள் இருந்தன; ஆடியோ சோர்ஸ் இல்லை. புளூடூத் ஹெட்ஃபோன் இணையாக்கப்பட்டும் இணையவில்லை என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்கும் கேள்வி இந்த வரி இருக்கிறதா என்பதே.

அப்படியானால் ஒலிச் சேவையகம் என்ன செய்துகொண்டிருந்தது? இங்கேதான் பழைய கதை வருகிறது. டெபியன் 11-இன் காலத்தில் இக்கணினி பல்ஸ்ஆடியோவில் ஓடியது. டெபியன் 12-க்கு மாறியபோது க்னோம் மேசைச்சூழலுக்குப் பைப்வயர் இயல்பானதாக்கப்பட்டது, எக்ஸ்எஃப்சிஇ பயனர்களுக்கு அந்த மாற்றம் தானாக நடக்கவில்லை. முன்பு பராமரித்தவர், எங்கோ படித்த குறிப்பைப் பின்பற்றி, பல்ஸ்ஆடியோவின் இடத்தில் அமர்ந்து அதைப் போலவே பேசும் பைப்வயரின் பதிலியை மட்டும் நிறுவியிருந்தார். மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் ஒலி வந்தது. வேலை முடிந்ததாக எண்ணிவிட்டார். ஆனால் பைப்வயருக்குப் புளூடூத் தெரிய வேண்டுமானால், லிப்ஸ்பா-0.2-புளூடூத் என்ற தனிப் பொதி (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்பு) வேண்டும். அது இல்லை.

கண்ணை ஏமாற்றியது இன்னொன்று. நிறுவப்பட்ட பொதிகளின் பட்டியலில் "பல்ஸ்ஆடியோ மாட்யூல் புளூடூத்" என்ற பெயர் கண்முன்னே நின்றது. இணையத்தில் கிடைக்கும் பழைய அறிவுரைகள் அனைத்தும் அதை நிறுவச் சொல்லும், நிறுவித்தான் இருக்கிறது, பிறகு ஏன் வேலை செய்யவில்லை? ஏனெனில் அந்தப் பொதி எந்தச் சேவையகத்துக்கு உரியதோ, அந்தச் சேவையகமே ஓடவில்லை. ஓடும் ஒலிச் சேவையகம் எது என்று காட்டும் பேக்டிஎல் இன்ஃபோ கட்டளையைத் தட்டியபோது, சேவையகத்தின் பெயராக "பல்ஸ்ஆடியோ (ஆன் பைப்வயர் 0.3.65)" என்று வந்தது. அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் பெயரை மட்டும் படிப்பவர் பல்ஸ்ஆடியோ ஓடுகிறது என்றே முடிவு கட்டுவார். உண்மையில் ஓடுவது அடைப்புக்குறிக்குள் இருப்பது.

தீர்வு, காரணம் தெரிந்த பிறகு, சிறியதுதான். டெபியன் 12-இல் பைப்வயர்-ஆடியோ என்ற ஒரு தொகுப்புப் பொதி உண்டு. வயர்பிளம்பர், புளூடூத் கூறு, ஆல்சா இணைப்பு எல்லாவற்றையும் அது சேர்த்துக் கொண்டுவரும். அதை நிறுவி, பல்ஸ்ஆடியோவின் பழைய புளூடூத் கூறை நீக்கினோம். அடுத்து வயர்பிளம்பர், பைப்வயர் சேவைகளை மறுதொடக்கம் செய்தோம். இச்சேவைகள் பயனரின் அமர்வுக்குள் ஓடுபவை. சூடோ போட்டு ரூட்டாக, அதாவது கணினியின் முழு அதிகாரமுள்ள பயனராக, மறுதொடக்கம் செய்தால் அவற்றைத் தொடவே தொடாது. சிஸ்டம்சிடிஎல்-உடன் யூசர் என்ற தெரிவைச் சேர்த்துச் சாதாரணப் பயனராகவே செய்ய வேண்டும். பிறகு ஷோ கட்டளையில் ஆடியோ சோர்ஸ் வரி வந்தது, ஹெட்ஃபோன் இணைந்தது, ஒலி வந்தது. கூடவே ட்ரஸ்ட் கட்டளையையும் கொடுத்தோம். அது இல்லாவிட்டால் ஹெட்ஃபோனைத் தட்டி எழுப்பும்போது அதுவே முன்வந்து இணையப் பார்க்கும், ஆனால் கணினி ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு நிற்கும்.

இவ்வளவு துண்டாக இந்த அமைப்பு ஏன் இருக்கிறது என்று கேட்கலாம். புளூஸ் 2001-இல் லினக்ஸ் 2.4.6 கெர்னலில் சேர்ந்தது. அதன் நான்காம் பதிப்பு வரை ஒலியைக் கையாளும் பகுதி பெருமளவு அதற்குள்ளேயே இருந்தது. 2012 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு அதைக் கழற்றி வெளியே வைத்தது. இனி ஒலி என்பது ஒலிச் சேவையகத்தின் பொறுப்பு என்றாயிற்று. அதற்கு ஈடுகொடுக்கும் பல்ஸ்ஆடியோ 5.0 வந்தது 2014-இல். இடைப்பட்ட காலத்தில் ஹெட்ஃபோன் வாங்கியவர்கள் பட்ட பாடுதான் "லினக்ஸ்ல புளூடூத் அப்படித்தான்" என்ற வாக்கியமாக இன்றும் சுற்றிவருகிறது. பிரித்தது சரியான முடிவு என்பதே என் கருத்து. பிரித்ததனால்தான் பிறகு வந்த பைப்வயரால் புளூஸைத் தொடாமலேயே புதிய கோடெக்குகளைச் சேர்க்க முடிந்தது. ஆனால் பிரித்த பாகங்களை ஒன்றாகக் கட்டிக் கொடுக்கும் வேலை வழங்கல்களுக்கு உரியது. மேம்படுத்தல்களின் இடுக்குகளில் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது.

விண்டோஸுக்குப் போய்வந்தால் மறந்துவிடும் ஹெட்ஃபோன்

மறுநாளே புதிய முறையீடு வந்தது: கணக்கு எழுத விண்டோஸுக்குப் போய்விட்டு டெபியனுக்குத் திரும்பினால், ஹெட்ஃபோன் இணைய மறுக்கிறது, நீக்கி மீண்டும் இணையாக்கினால் டெபியனில் இணைகிறது, ஆனால் அடுத்து விண்டோஸில் மறுக்கிறது. இதில் எந்த இயங்குதளத்தின் மீதும் குற்றமில்லை. இணையாக்கத்தின்போது இரண்டு கருவிகளும் சேர்ந்து 128 பிட் நீளமுள்ள இணைப்புச் சாவி ஒன்றை உருவாக்கித் தத்தம் நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஹெட்ஃபோன் அந்தச் சாவியைக் கணினியின் புளூடூத் முகவரியோடு சேர்த்து எழுதிவைக்கிறது. முகவரி அட்டைக்கு உரியது; எந்த இயங்குதளம் ஓடினாலும் அதே முகவரிதான். ஆகவே விண்டோஸில் இணையாக்கியபோது, ஹெட்ஃபோனைப் பொறுத்தவரை அதே கணினி புதிய சாவியைக் கொடுத்திருக்கிறது. பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டது. டெபியனின் கையில் இருப்பது செல்லாத சாவி.

இரண்டு இயங்குதளங்களிலும் ஒரே சாவி இருக்கும்படி செய்வதே இதற்கு வழி. முதலில் டெபியனில் இணையாக்கினோம். அடுத்து விண்டோஸில் இணையாக்கினோம். இப்போது ஹெட்ஃபோனிடம் இருப்பது விண்டோஸின் சாவி. டெபியனுக்குத் திரும்பி, விண்டோஸ் பகிர்வைப் படிக்க மட்டும் ஏற்றி, அதன் சிஸ்டம்32 கோப்புறையின் உள்ளே கான்ஃபிக் என்ற உறையில் இருக்கும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் காத்துவைக்கும் சிஸ்டம் கோப்பைச் சிஎச்என்டிபிடபிள்யூ என்ற கருவியால் திறந்தோம். விண்டோஸ் ஓடும்போது "கரன்ட் கன்ட்ரோல்செட்" என்று தெரியும் கிளை, இப்படி வெளியிலிருந்து திறக்கும்போது இருக்காது; "கன்ட்ரோல்செட்001" என்ற பெயரில்தான் தேட வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் சாவி இல்லை என்று முடிவுகட்டித் திரும்புகிறார்கள். அதற்குள் சர்வீசஸ், பிடிஎச்போர்ட், பாராமீட்டர்ஸ், கீஸ் என்று இறங்கினால், அட்டையின் முகவரியும் அதனடியில் ஹெட்ஃபோனின் முகவரியும், அதற்கு எதிரே 16 பைட் சாவியும் கிடைக்கும்.

டெபியன் பக்கத்தில், வார், லிப், புளூடூத் என்ற பாதையில் அட்டையின் முகவரி, அதனுள் ஹெட்ஃபோனின் முகவரி என்று உறைகள் இருக்கின்றன; ரூட்டால் மட்டுமே அவற்றைத் திறக்க முடியும். உள்ளே இன்ஃபோ என்ற கோப்பில் லிங்க்கீ என்ற பகுதியின் கீழ் கீ என்ற வரி. விண்டோஸிலிருந்து எடுத்த 32 பதினறும எழுத்துகளையும் இடைவெளியின்றிப் பெரிய எழுத்தில் அந்த வரியில் இட்டு, புளூடூத் சேவையை மறுதொடக்கம் செய்தவுடன் ஹெட்ஃபோன் தானாகவே வந்து இணைந்தது. இந்த ஹெட்ஃபோன் பழைய, அதாவது கிளாசிக் வகைப் புளூடூத்தில் இயங்குவது என்பதால் ஒரே ஒரு சாவியோடு வேலை முடிந்தது. குறைமின் வகைப் புளூடூத்தில் இணையும் மவுஸ், விசைப்பலகை போன்றவற்றுக்கு இதே வேலையைச் செய்யப் புகுந்தால், பல சாவிகளும் எண் மாற்றங்களும் குறுக்கிடும். பொறுமை இல்லாதவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

முதல் அசை காணாமற்போன கதை

இந்த ஆய்வில் மிகவும் சுவையான பகுதி, மூன்றாவதாக வந்த முறையீடு. வேறு யாருக்கும் இது ஒரு குறையாகவே தோன்றியிருக்காது.

ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்பவர்கள் தொடர்ந்து கேட்பதில்லை. ஒரு வாக்கியம் கேட்பார்கள், நிறுத்துவார்கள், தட்டுவார்கள், ஐயமிருந்தால் சற்றுப் பின்னோக்கிப் போய் மறுபடி ஓட்டுவார்கள். நாள் முழுவதும் இப்படியே. "அண்ணா, நிறுத்திட்டு மறுபடி ஓட்டினா முதல் எழுத்து விழுங்கிடுது. அவர் 'வந்தாங்க'ன்னு சொன்னாரா 'தந்தாங்க'ன்னு சொன்னாரான்னு தெரியல. எனக்கு 'ந்தாங்க' மட்டும்தான் கேக்குது" என்றார். பாட்டுக் கேட்பவருக்கு அரை நொடி போனால் போகட்டும். ஒரு விசாரணையின் வாக்குமூலத்தையோ நேர்காணலையோ எழுத்தாக்குபவருக்கு, வந்ததற்கும் தந்ததற்கும் இடையில் பணமே கைமாறியிருக்கலாம்.

அவர் மேசையருகே அமர்ந்து கவனித்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. நிறுத்திய உடனே ஓட்டினால் எதுவும் போகவில்லை. ஒரு நீண்ட வாக்கியத்தைத் தட்டிவிட்டு ஓட்டினால் மட்டும் தொடக்கம் போனது. எல்லை ஏறத்தாழ ஐந்து நொடி. வயர்பிளம்பரின் அமைப்பில் அதே எண் எழுதப்பட்டிருக்கிறது: எந்த நிரலும் ஒலி அனுப்பாமல் ஐந்து நொடி கடந்தால், அந்த ஒலி முனையை உறங்கவைத்துவிடும். உள் ஒலிபெருக்கியை உறங்கவைத்து எழுப்புவது நொடியின் சிறு பங்கில் முடியும், யாரும் கவனிப்பதில்லை. புளூடூத்தில் உறங்கவைப்பது என்றால் ஒலிப்பாதையையே விட்டுவிடுவது. மறுபடி ஓட்டும்போது கணினி ஹெட்ஃபோனிடம் பாதையைத் திறக்கச் சொல்ல வேண்டும், ஹெட்ஃபோன் தன் ஒலிப்பெருக்கத்தை எழுப்ப வேண்டும். அதற்குள் "வ" போய்விடுகிறது. சில ஹெட்ஃபோன்கள் விரைவாக விழிக்கும், சில சோம்பேறிகள். இது இரண்டாம் வகை.

டெபியன் 12-இல் இருப்பது வயர்பிளம்பரின் 0.4 வரிசைப் பதிப்பு. அதன் அமைப்புகள் லுவா மொழிக் கோப்புகளாக இருக்கும். பயனரின் கான்ஃபிக் உறையில், வயர்பிளம்பர் என்பதன் கீழ் புளூடூத்துக்கு உரிய உறையை உருவாக்கி, அதில் ஒரு சிறு கோப்பு எழுதினோம்: பெயர் புளூஸ்_அவுட்புட் என்று தொடங்கும் எந்த முனைக்கும், உறங்கவைக்கும் காலம் 0. பூச்சியம் என்றால் உறங்கவே வைக்காதே என்று பொருள். அமைப்பு இருக்கும் மூலக் கோப்பையே திருத்துவதைவிட இப்படித் தனிக் கோப்பு எழுதுவது நல்லது, ஏனெனில் பொதி மேம்படும்போது மூலக் கோப்பு மாற்றி எழுதப்படலாம். சேவையை மறுதொடக்கம் செய்த பிறகு "வந்தாங்க" முழுதாகக் கேட்டது. இதற்குக் கொடுக்க வேண்டிய விலை பேட்டரி: பாதை எப்போதும் திறந்திருப்பதால் ஹெட்ஃபோன் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் செலவாகும். அவருக்கு அது பொருட்டில்லை. வேலை முடிந்தால் அணைத்துவிடுவார்.

திரைவாசிப்பானை நம்பி வேலை செய்யும் பார்வையற்ற பயனர்களுக்கும் இதே கோளாறு வரும் என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. லினக்ஸின் திரைவாசிப்பானான ஓர்கா ஒவ்வொரு மெனுப் பெயரையும் தனித்தனியே பேசுகிறது, இடையில் அமைதி. ஒவ்வொன்றின் தலையும் வெட்டுப்பட்டால் அந்தக் கணினியைப் பயன்படுத்தவே முடியாது. இயல்பு அமைப்பை முடிவு செய்தவர்கள் பாட்டுக் கேட்பவரை மனத்தில் வைத்தே முடிவு செய்திருக்கிறார்கள்.

பேசும்போது ஒலி கெடுவது

வாடிக்கையாளர்களோடு காணொளி அழைப்பில் பேசும்போது ஒலி திடீரெனப் பழைய தொலைபேசிபோல் ஆகிவிடுகிறது என்பது அடுத்தது. இது லினக்ஸுக்கு மட்டும் உரிய குறை அன்று. கிளாசிக் புளூடூத்தின் அமைப்பே அப்படி. ஏ2டிபி ஒலியை ஒரு திசையில்தான் கொண்டுசெல்லும். மைக்கும் வேண்டுமென்றால், கருவி கைபேசி ஹெட்செட்டுக்கான எச்எஃப்பி என்ற ப்ரொஃபைலுக்கு மாற வேண்டும். அது இருவழி, ஆனால் ஒற்றைத் தடம். அதன் அடிப்படைக் கோடெக்கான சிவிஎஸ்டி, நொடிக்கு 8,000 மாதிரிகள் மட்டுமே எடுக்கும். பிறகு வந்த எம்எஸ்பிசி 16,000 எடுக்கும். அட்டை, ஹெட்ஃபோன் இரண்டுக்கும் எம்எஸ்பிசி தெரிந்தால் பைப்வயர் அதையே தேர்ந்தெடுக்கும். ஒலி அமைப்புகளை மாற்ற உதவும் பாவுகன்ட்ரோல் சாளரத்தின் அமைவுத் தாவலில் பார்த்தபோது எம்எஸ்பிசி தான் தேர்வாகியிருந்தது. அதற்கு மேல் இந்தக் கருவியால் எழ முடியாது. எல்இ ஆடியோ என்ற புதிய தலைமுறையில் இந்தத் தடை இல்லை. ஆனால் அதற்கு ஹெட்ஃபோன், அட்டை, மென்பொருள் மூன்றும் சேர்ந்து வர வேண்டும்.

நான் சொன்ன வழி, ஹெட்ஃபோனின் மைக்கைப் பயன்படுத்தாதீர்கள் என்பது. மடிக்கணினியில் மைக் இருக்கிறது. அது மேசைமீது ஓரடி தொலைவில் இருக்கும்போது, வாயிலிருந்து பக்கவாட்டில் காதருகே தொங்கும் புளூடூத் மைக்கைவிடத் தெளிவாகவே கேட்கும். ஆனால் அழைப்பு தொடங்கியவுடன் வயர்பிளம்பர் தானே ஹெட்ஃபோனை எச்எஃப்பிக்கு மாற்றிவிடுகிறது. 0.4 பதிப்பில் இதற்கென ஒரு பெயர்ப்பட்டியலே உண்டு: ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம், ஜூம், டெலிகிராம் என்று; பட்டியலில் இருக்கும் நிரல் மைக்கைத் திறந்தால் மாறும், இல்லாத நிரல் திறந்தால் மாறாது. ஒரு நிரலில் ஒலி கெடுகிறது, இன்னொன்றில் கெடவில்லை என்று குழம்புபவர்களுக்கு விடை இந்தப் பட்டியலில் இருக்கிறது. கொள்கைக் கோப்புகளுக்கான உறையில் மற்றொரு சிறு கோப்பு எழுதி, தானாக ஹெட்செட் ப்ரொஃபைலுக்கு மாறும் அந்த வசதியை அணைத்தோம். அழைப்பு மென்பொருளில் மைக்காக உள் மைக்கைத் தேர்ந்தோம். எதிர்முனையில் பேசுபவரின் குரல் ஸ்டீரியோ தரத்திலேயே கேட்டது.

சில்லறை

கோடெக் பற்றிக் கேட்டார். டெபியன் 12-இல் எஸ்பிசி, அதன் உயர்தர வடிவமான எஸ்பிசி-எக்ஸ்கியூ, ஆப்ட்எக்ஸ், எல்டிஏசி கிடைக்கின்றன. ஏஏசிக்கு வேண்டிய எஃப்டிகே நூலகத்தின் உரிமம் கட்டற்றதாக ஏற்கப்படாததால் அது இயல்பாகக் கிடைப்பதில்லை. சாதாரண எஸ்பிசியே உயர் தரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 328 கிலோபிட் அனுப்பும். மனிதக் குரலைக் கேட்டு எழுத அது தாராளம். எல்டிஏசி 990 கிலோபிட் வரை போகும், ஆனால் அடுத்த அறைக்கு நடந்தால் விட்டுவிட்டு ஒலிக்கும். எஸ்பிசியிலேயே விட்டுவிட்டோம்.

ஒலி இடையிடையே திக்கியதற்கும் ஒரு காரணம் இருந்தது. புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வீட்டு வைஃபையும் அதே அலைவரிசையில், அதுவும் ஒரே அட்டையில். ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வலையில் கணினியை இணைத்தவுடன் திக்கல் பெருமளவு நின்றது. ஒலிப்பதிவுகள் இருந்த யூஎஸ்பி 3.0 வன்தட்டைச் செருகினால் மட்டும் மீண்டும் தலைகாட்டியது. யூஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்புகின்றன என்பதை இன்டெல் 2012-லேயே ஒரு வெள்ளை அறிக்கையில் காட்டியிருக்கிறது. வன்தட்டை நீளமான, உறையிட்ட கேபிளில் மேசையின் மறுகோடிக்குத் தள்ளிவைத்தது போதுமானதாக இருந்தது.

காணொளியில் உதட்டசைவுக்கும் குரலுக்கும் இடையே தாமதம் தெரிந்தால், பாவுகன்ட்ரோலின் வெளியீட்டுக் கருவிகள் தாவலில் தாமத ஈடு என்ற எண்ணை மில்லிநொடியில் கொடுத்துச் சரிசெய்யலாம். காணொளியை ஓட்டும் பெரும்பாலான நிரல்கள் தாமாகவே ஈடுசெய்துகொள்வதால் இங்கே அது தேவைப்படவில்லை.

இனி கவனிக்க வேண்டியது மேம்படுத்தல் மட்டுமே. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் வயர்பிளம்பர் 0.5 வரிசைக்கு மாறியிருக்கிறது. அது லுவா அமைப்புக் கோப்புகளைப் படிப்பதில்லை. நாம் எழுதிய இரண்டு கோப்புகளும் அப்படியே இருக்கும், எந்தப் பிழைச்செய்தியும் வராது, ஆனால் விளைவு இராது: "வந்தாங்க" மறுபடியும் "ந்தாங்க" ஆகும், அழைப்புகளில் ஒலி மறுபடியும் மங்கும். தானாக மாறும் வசதியை அங்கே டபிள்யூபிசிடிஎல் கருவியின் செட்டிங்ஸ் கட்டளையால் அணைத்துச் சேமிக்கலாம். உறக்கக் காலத்தைக் கான்ஃப் என முடியும் புதிய வகைக் கோப்பில், புளூஸ் விதிகளின் கீழ் எழுத வேண்டும். அந்தக் கோப்பை இப்போதே எழுதி, மேம்படுத்தும் நாளில் எந்த உறையில் வைக்க வேண்டும் என்ற குறிப்போடு அவருடைய கணினியில் சேமித்து வைத்திருக்கிறோம்.